கஸ்டம்சில் சரக்கு சிக்கினால் தினம் 5 ஆயிரம் தண்டம்! இனயம் குடும்பங்கள் கையில் இருக்க வேண்டிய நம்பர்

இனயம்:-

குமரி மாவட்டம் இனயம் பகுதி கடற்கரை கிராமங்களில் இருந்து ஏராளமானோர் வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி தொழிலுக்கு போயிருக்கிறார்கள்.

அதில் ஒருவர், ஊரில் இருக்கும் தம்பியின் வள்ளத்துக்கு புது எஞ்சின் ஒன்று வாங்கி கப்பலில் போட்டு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்து விடும். கஸ்டம்ஸ் கேட்டை தாண்டுமா?

தம்பியிடம் ஒரு நம்பர் இருந்தால் தாண்டும். இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும்!

(2016 ஜூலையில் இனயத்திலேயே சரக்கு பெட்டக துறைமுகம் கட்ட மத்திய மந்திரிசபை கொள்கை அளவில் சம்மதித்தது. மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். திட்டம் இடம் மாறியது. ஆகவே சரக்கு எடுக்க தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டியது தான்.)

அது என்ன நம்பர்?

அதன் பெயர் "ஐ.இ.சி." இறக்குமதி, ஏற்றுமதி செய்பவரின் அடையாள எண். இது இல்லாமல் யாரும் எதையும் இறக்குமதி செய்யக்கூடாது என்று 1992-ம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தக சட்டத்தின் 7-வது பிரிவு கறாராக சொல்கிறது.

முன்பு இது தனியாக ஒரு 10 இலக்க எண். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாற்றி விட்டார்கள். இப்போது வருமான வரி "பான்" கார்டில் உள்ள எண்ணே ஐ.இ.சி. எண்.

"பான் கார்டு தான் பையில் இருக்கே, போதாதா?" என்றால் போதாது. வெளிநாட்டு வர்த்தக டைரக்டர் ஜெனரல் அலுவலகத்துக்கு ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரத்தை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் நம்பர் முடங்கி விடும்.

சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் வியாபாரம், உற்பத்தி, விவசாயத்தோடு அதற்கு சம்பந்தம் இருக்கக்கூடாது. மிக்சி என்றால் சரி. "வள்ளத்து எஞ்சினை சமையல்கட்டிலா வைக்க போறீங்க?" என்று அதிகாரி கேட்டால் என்ன பதில் சொல்வது?

சின்ன சாமானை "பரிசு" என்று எழுதி அனுப்பும் பழைய யோசனையும் எடுபடாது. தபாலிலும் கூரியரிலும் அப்படி வருவதற்கு 2019 டிசம்பரில் தடை போட்டாகி விட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கி கயிறுக்கும் மட்டும் விலக்கு.

"எஸ்"-ஆ? "சி"-ஆ?

சிக்கல் ஆரம்பிப்பதே பெயரில் தான். பான் எண்ணின் 4-வது எழுத்து தனிநபரா, கம்பெனியா என்பதை காட்டும். தனிநபர் என்றால் "பி". 5-வது எழுத்து குடும்ப பெயரின் முதல் எழுத்து.

நம் ஊரில் குடும்ப பெயருக்கு எங்கே போவது? அப்பா பெயரை கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள். அப்பா பெயர் சூசை என்றால் இங்கிலீஷில் ஒரு கார்டில் "எஸ்" போட்டும், இன்னொன்றில் "சி" போட்டும் எழுதி விடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் முழு பெயர், ஆதாரில் வெறும் இனிஷியல்!

விண்ணப்பத்தை வாங்கும் கம்ப்யூட்டர், பெயரையும் பிறந்த தேதியையும் வருமான வரி இலாகா கணக்கோடு ஒப்பிட்டு பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அடித்து விடும். சூசையப்பரே வந்து சாட்சி சொன்னாலும் கேட்காது.

இதை திருத்துவதற்குள் கப்பல் வந்து விட்டால் செலவு தான். "பில் ஆப் என்ட்ரி" என்னும் சுங்க பத்திரத்தை தாமதமாக தாக்கல் செய்தால் முதல் 3 நாளைக்கு தினம் 5 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் தினம் 10 ஆயிரம் ரூபாய். துறைமுக வாடகை தனி. 30 நாளில் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து விற்று விடவும் 1962-ம் ஆண்டு சுங்க சட்டத்தில் இடம் உண்டு.

அந்த பத்திரத்தில் சரக்குக்கும் 8 இலக்க நம்பர் உண்டு. வள்ளத்தின் வெளியே மாட்டும் எஞ்சினுக்கு 8407 21 00. நைலான் மீன் வலைக்கு 5608 11 10. இதை ஏஜெண்டு சரியாக போட்டிருக்கிறாரா என்று பார்த்து விட்டு கையெழுத்து போடுவது நல்லது.

போனில் வரும் "கஸ்டம்ஸ்"

சரக்கே வராமல் பணம் பறிக்கும் கும்பலும் உண்டு. "உங்க பேருக்கு பார்சல் வந்திருக்கு, கஸ்டம்சில் நிக்குது, உடனே பணம் அனுப்புங்க" என்று போன் வரும். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

சுங்க இலாகா இப்படி போன் போட்டு, தனி ஆள் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் பணம் கட்ட சொல்வதே இல்லை.

சுங்க இலாகா அனுப்பும் கடிதம், சம்மன், நோட்டீசில் 20 இலக்க "டின்" எண் இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பர் 8-ந் தேதி முதல் விதி. மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை போட்டு பார்த்தால் பேப்பர் அசலா, போலியா என்று தெரிந்து விடும். வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரையோடு வந்த நோட்டீசாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியது இந்த நம்பரைத்தான்.

பணத்தை ஏற்கனவே அனுப்பி ஏமாந்தவர்கள் சைபர் கிரைம் எண் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு தாவுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.