கழற்றாத பிளக்

மகளின் ஸ்கூட்டர் பத்து நாளாகக் காலையில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினால் நாலைந்து தடவை இருமிவிட்டுத்தான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, 16 எம்எம் பிளக் ஸ்பேனரை உள்ளே விட்டு இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டாமி கம்பி லேசாக வளைந்து கொடுத்தது. பிளக் கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து பிளக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டு வண்டி, நண்பர்களின் வண்டி, ரோட்டோரம் நின்றுபோன முன்பின் தெரியாதவர்களின் வண்டி என்று எத்தனையோ. பிளக் வர மாட்டேன் என்று நின்றது இதுதான் முதல் தடவை. அன்று மதியம் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. அந்தக் காலத்து வண்டிகளில் இல்லாத தொல்லையா? ஆனால் இந்தத் தொல்லையை மட்டும் நான் பார்த்ததே இல்லையே, ஏன்?

அப்பா ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதினார். கேரளா லாரிகள் கிளம்பிய பிறகுதான் வீடு திரும்புவார். 1980களில் அவரிடம் இருந்தது ஐம்பது சிசி மொபெட். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகு, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் எஞ்சின் என்பது மொபெட்தான். பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து ஊற்ற வேண்டும். பங்கில் சின்னக் குவளையில் ஆயிலை அளந்து ஊற்றியதும் அப்பா டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, வண்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுவார். ஆயில் அடியில் தங்காமல் கலக்க வேண்டும் என்பதற்காக. வரிசையில் நிற்கும் எல்லாருமே அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆயில்தான் பிளக்குக்கு எமன். பெட்ரோல் எரிகிற வேகத்தில் ஆயில் எரியாது. எரியாத மிச்சம் கரியாகப் பிளக்கின் மூக்கில், அந்த வெள்ளைப் பீங்கானில், அப்பிக்கொள்ளும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் மின்சாரம் நுனியில் தாவிப் பொறியாக மாறுவதற்கு முன்பே, கரி வழியாகச் சுலபமாக இறங்கி ஓடிவிடும். வண்டி நின்றுவிடும். அப்போதைய பெட்ரோலில் ஈயமும் கலந்திருந்தது. அதன் படிவும் சேர்ந்துகொள்ளும். நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000இல்தான்.

ஆகவே அப்பா பிளக்கைக் கழற்றிக்கொண்டே இருந்தார். மாதம் இரண்டு தடவை வீட்டில். மழைக்காலத்தில் வழியில் ஒன்றிரண்டு கூடுதலாக. சீட்டுக்கு அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி நான்கு சாமான்கள் இருக்கும்: பிளக் ஸ்பேனர், அதில் சொருகும் டாமி கம்பி, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஸ்பேர் பிளக். வண்டி நின்றால் மூக்கு தெரியக் கரியைத் துடைத்து, உப்புத்தாளை மடித்து நுனிகளுக்கு நடுவே ஓட்டி எடுப்பார். பிறகு ஒயர் கேப்பை மாட்டி, பிளக்கை அதன் ஓட்டையிலிருந்து தள்ளி எஞ்சினின் ஃபின்னில் சாய்த்து வைப்பார். நான் பெடலை மிதிக்க வேண்டும்.

"நீலமா வருதா, மஞ்சளா வருதா?"

"நீலம்ப்பா."

"அப்ப சரி. போட்டுரலாம்."

பிளக்கைப் படிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. மையிட்டதுபோல் கறுத்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று கூடி எஞ்சின் சூட்டில் வேகிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது எப்படியோ, அப்படி. கார்புரேட்டர் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பலாம் என்பதை அந்த நிறம் சொல்லிவிடும்.

இப்படிக் கழற்றிக்கொண்டே இருந்த பிளக் எப்படி இறுகும்? இறுகாது. அந்தக் காலத்தில் பயம் வேறு திசையிலிருந்து வந்தது: மரை தேய்ந்துபோவது.

பிளக்கின் உடம்பு இரும்பு. அது போய் உட்காரும் ஹெட் அலுமினியம். மெத்து உலோகம். இருட்டில், அவசரத்தில், கோணலாக வைத்து ஸ்பேனரால் ஒரே இறுக்காக இறுக்கினால், பிளக்கின் மரை புதுப் பாதை வெட்டிக்கொண்டு போகும். சித்தப்பா ஒருநாள் ராத்திரி பழனி ரோட்டில் அப்படித்தான் செய்தார். மறுநாள் பிளக் நிற்கவே இல்லை. கிளப்பினால் துப்பாக்கி மாதிரி வெளியே தெறித்தது. ஹெட்டைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறித் திண்டுக்கல் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து, உள்ளே புஷ் இறக்கி, அதில் புது மரை போட்டுக் கொடுத்தார்கள். லேத்தில் சுருள் சுருளாக வெள்ளி மாதிரி அலுமினியம் உரிந்து விழுந்தது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "மொத நாலு சுத்து வெரல்லதான் போகணும். வெரல்ல போகலைன்னா நீங்க தப்பா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு பிளக்கையும் முதலில் விரலால்தான் திருகியிருக்கிறேன்.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. நாலு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. பெட்ரோலை ஊற்றி, மூடி, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரம். உண்மையிலேயே மக்கள் மறந்தார்கள். பாயிண்ட் வைத்த இக்னிஷன் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரும் போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை இப்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பிளக்கில் கரி பிடிப்பது அபூர்வமாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மழையில், கைக்குழந்தையோடு அம்மா புளியமரத்தடியில் நிற்க, அப்பா தீக்குச்சி வெளிச்சத்தில் பிளக் துடைத்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது மறுபடி வர வேண்டாம். ஆயில் எரிந்து வந்த அந்த நீலப் புகையும் வேண்டாம்.

ஆனால் யாரும் தொடாத இடத்தில் இரும்பும் அலுமினியமும் வருஷக்கணக்காகச் சேர்ந்திருக்கின்றன. மழைத்தண்ணீரும் வண்டி கழுவும் தண்ணீரும் பிளக் குழியில் தேங்குகின்றன. இரண்டு வேறு உலோகம், நடுவே ஈரம் என்றால் அரிப்பு தொடங்கிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து மரைக்குள் அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து கரி ஏறும். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். தினமும் இரண்டு தடவை விரிந்து சுருங்கி, அந்தப் பொடியையும் கரியையும் சிமெண்ட் மாதிரி கெட்டித்துவிடும்.

மகளின் வண்டிக்கு ஏழு வயது. சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 'ஸ்பார்க் பிளக்' என்பதற்கு நேரே டிக் இருந்தது. பிளக்கைச் சுற்றிப் படிந்திருந்த செம்மண்ணோ பட்டை பட்டையாக, கலையாமல் இருந்தது. சாதாரண நிக்கல் பிளக்கை 12,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றச் சொல்லித்தான் பல வண்டிகளின் கையேட்டில் போட்டிருக்கிறது. இது 40,000 தாண்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. டிக் போட்ட கை யாருடையதோ தெரியாது. ஆனால் ஏழு வருஷம் அந்தக் காகிதத்தை நம்பி மூடியைத் திறக்காமல் இருந்தது என் கை. அதுதான் அதிகம் வலித்தது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அப்பா காலத்துப் பிளக் தடி ஆசாமி: 14 எம்எம் மரை, 21 எம்எம் தலை. இப்போது சின்ன வண்டிகள் பலவற்றில் 10 எம்எம் மரைதான், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அதை இறுக்க 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். பழைய பிளக் அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். இறுகிப்போன சின்னப் பிளக்கை முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை கையோடு வந்துவிடும், மரை ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் எக்ஸ்ட்ராக்டர், டிரில், ஹெட் இறக்குதல் என்று ஐநூறு ரூபாய்க்குள் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போகும். நான் கையை எடுத்தது அதனால்தான்.

அன்று சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தேன். முதலில் சைக்கிள் பம்பால் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றினேன். பிளக் எழும்பும்போது ஒரு மணல் துகள் சிலிண்டருக்குள் விழுந்தாலும் சுவரில் கோடு கிழித்துவிடும். அந்தக் காலத்தில் துரு இறக்க ரேஷன் மண்ணெண்ணெய்தான். கோழி இறகில் தொட்டு வைப்போம். இப்போது ஸ்பிரே டப்பா, நீளக் குழாயோடு. குழியில் அடித்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டேன். அவசரப்பட்டு ஐந்து நிமிஷத்தில் ஸ்பேனரைப் போடுகிறவர்கள்தான் பிளக்கை முறிக்கிறார்கள். எண்ணெய் மரை மரையாக ஊறி இறங்கப் பொழுது வேண்டும்.

காலையில் மீதி எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கேப்பை மாட்டி வண்டியை இரண்டு நிமிஷம் ஓடவிட்டேன். பிறகு ஹெட்டின் மேல் உள்ளங்கை வைத்துத் தாங்குகிற அளவுக்கு ஆறவிட்டேன். வெதுவெதுப்பில் அலுமினியம் கொஞ்சம் விரிந்து பிடி தளரும். கொதிக்கிற ஹெட்டில் கை வைத்தால் அலுமினியம் மெத்தென்று இருக்கும், மரை உரிந்து பிளக்கோடு வந்துவிடும்.

ஸ்பேனரைச் சாயாமல் நேராகப் பிடித்து மெல்ல அழுத்தம் கொடுத்தேன். ஒன்றுமில்லை. விட்டேன். இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினேன், பிறகு கழற்றுகிற பக்கம். நாலாவது முறை 'டக்' என்று காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். ஒரு கணம் நெஞ்சு நின்றது. ஒடிந்தது பிளக்கா, பிடியா? ஸ்பேனர் எண்ணெய்க்குள் போவது போல வழுக்கவில்லை, எடையோடு நகர்ந்தது. பிடிதான் விட்டிருக்கிறது.

கால் சுற்று வந்ததும் 'கிரீச்' என்றது. அந்தக் 'கிரீச்'சைக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் தொடர்ந்து சுற்றினால் மரைக்குள் இருக்கும் பொடி திரண்டு, பாதி வழியில் மறுபடி பூட்டிக்கொள்ளும். இறுக்குகிற பக்கம் அரைக்கால் சுற்று திரும்பிப் போனேன். இன்னொரு துளி எண்ணெய். மறுபடி முன்னே, மறுபடி பின்னே. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏன்ப்பா வந்ததைத் திரும்ப உள்ள விடறீங்க?" என்று கேட்டாள். ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தேன். அந்தப் பொருபொருப்பு விரலுக்கு வந்து சேர்ந்ததும், "உள்ள மணல் மாதிரி இருக்குப்பா" என்றாள். மீதிச் சுற்றுகளை அவள்தான் சுற்றினாள். 'கிரீச்' வரும்போதெல்லாம் அவளாகவே பின்னால் போனாள்.

பிளக் கையில் வந்தது. மேல் மரையில் வெள்ளைப் பூ, கீழ் மூன்று சுற்றில் கரி. அலுமினியச் சுருள் ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. ஹெட்டின் மரை பிழைத்துவிட்டது. புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபைச் சொருகி அவளிடம் கொடுத்தேன். டியூபைப் பிடித்துத் திருகினால், கோணலாகப் போனால் டியூப்தான் வழுக்கும், மரை கெடாது. ஐந்து சுற்று சுகமாகப் போனது. வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்று. அவ்வளவுதான். முதல் அமுக்கிலேயே வண்டி பிடித்தது.

அந்த மொபெட் பிறந்த ஓசூரிலேயே இப்போது மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றில் பிளக்கே கிடையாது. மகள் அடுத்து வாங்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்; நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், கழற்றிய பிளக்கை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியை நகத்தால் சுரண்டினார்.

"நெறம் நல்லாத்தான் இருக்கு. நுனி தேஞ்சு கேப் கூடிப்போச்சு. இத எத்தன வருசமாடா யாரும் பாக்கல?"

"ஏழு வருசம்ப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி முனையால் கரியைத் துடைத்தார். நுனியைத் திண்ணைக் கல்லில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, இடைவெளியை நகக்கண்ணால் அளந்து பார்த்து, மறுபடி ஒரு தட்டு. பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"சாமி, ஒரு பழைய துணி கொண்டா. சீட்டுக்கடியில போட்டு வெச்சுக்க. வழியில நின்னா வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய துப்பட்டாவில் ஒரு துண்டு கிழித்து வந்து, பிளக்கையும் ஸ்பேனரையும் சேர்த்துச் சுற்றினாள்.