வெயிலுக்கு மருந்து கடலடியில்

உளுந்தூர்பேட்டையைச் சூழ்ந்த கரும்புத் தோட்டங்களிலும் மல்லாட்டைக் கொல்லைகளிலும், புடவையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டியபடி களையெடுக்கும் ஸ்திரீகளுள், கன்னத்தில் மங்கு படர்ந்து, பிடரித் தோல் தடித்துச் சுருங்கி, வயதுக்கு மீறிய மூப்புடன் தோன்றுவோர் பலர். அந்த மூப்பில் பெரும்பங்கு சூரிய கிரணங்களின் வேலையே.

கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்களில் 'பி' வகை மேல்தோலைக் கன்றச் செய்கிறது. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள 'ஏ' வகையோ உள்தோல் வரை ஊடுருவி, சருமத்துக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரத இழைகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. கருத்த சருமத்திலுள்ள மெலனின் சிறந்த கவசமே என்றாலும், நாள் முழுவதும் வெயிலில் உழைப்போருக்கு அது மட்டும் போதுவதில்லை.

இதே ஆபத்தை, ஆழமற்ற நீரில் பாறையைப் பற்றி வளர்ந்து, நீர் வற்றும்போது வெயிலில் காயும் கடற்பாசிகள் நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகின்றன. ஓடி ஒளிய இயலாத அவை, குறிப்பாகச் சிவப்புப் பாசிகள், மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகளைத் தம்முள் உற்பத்தி செய்துகொள்கின்றன. அவற்றுள் போர்பைரா-334, ஷினோரின் என்னும் இரண்டும் 334 நானோமீட்டர் அளவில் கதிரை மிகுதியாக உறிஞ்சி, அந்தச் சக்தியைத் தீங்கற்ற வெப்பமாக மாற்றிவிடுகின்றன. ஜப்பானியர் உண்ணும் நோரிப் பாசியிலும் இவை உண்டு. அதன் இனமான ஒரு பாசியின் சாற்றை ஸ்விட்சர்லாந்தில் ஏற்கெனவே சருமப் பூச்சுகளுக்கெனத் தயாரிக்கிறார்கள். நம் நாட்டுக் கடலோரத்தில் வளரும் போர்பைரா வியட்நாமென்சிஸ் பாசியிலிருந்து எடுத்த போர்பைரா-334 கதிரைத் தடுப்பதை 2010-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றும் எடுத்துக்காட்டியது.

இவ்விதப் பொருளைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் விளையும் கஞ்சிப்பாசி அடங்கிய கிராசிலேரியா பேரினத்திலும் இம்மூலக்கூறுகள் உள்ளன. பாம்பன் பக்கத்துப் பெண்கள், பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். பறித்ததில் பெரும்பகுதி அகர், ஆல்ஜினேட் என்னும் கூழ்ப்பொருள்களைத் தயாரிப்பதற்கே போகிறது. கதிர்காக்கும் சத்தையும் அதிலிருந்து பிரித்தெடுக்கும் தொழில் இங்கே வளருமானால், கடலில் இறங்கும் பெண்ணுக்குக் கூலி உயர்வும், கொல்லையில் குனியும் பெண்ணுக்குச் சருமப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும்.

பாசியை அரைத்துப் பூசிக்கொண்டால் போதுமென்று எவரும் எண்ணலாகாது. சத்தைப் பிரித்து, உரிய அளவில் சேர்த்து, பரிசோதித்த பிறகே அது பூச்சாகும். அதுவரை முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் உச்சிவேளை ஓய்வுமே நம்பத்தக்க காப்பு. ஆனால் அந்தப் பூச்சு ஆயத்தமாகும் நாளில், அது நகரத்து அழகுசாதனக் கடையின் கண்ணாடி அலமாரியோடு நின்றுவிடாமல், வெயிலில் நிற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு எட்டும் விலையில் கிராமத்து மருந்துக்கடைக்கும் வந்து சேரவேண்டும். விஞ்ஞானத்தின் பயனை முதலில் பெறத்தக்கவர்கள் அவர்களே.