பெயரைக் காக்கும் வழங்கி

மக்கள் வழக்கில் பெயர் முந்தியது, எண் பிந்தியது. கணினி வழக்கிலோ எண் முந்தியது, பெயர் பிந்தியது. ஒரு கணினி மற்றொன்றை அறிவது எண்ணால்தான். மனிதனோ எண்களை நெடுநாள் நினைவில் வைத்திருக்க வல்லவன் அல்லன். இவ்விரண்டு இயல்புகளுக்கும் இடையே நின்று, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் பணியே பெயர்ச்சேவை எனப்படும்.

ஒரு வணிக நிறுவனத்தில் பல கணினிகளுக்கும் பொதுவாகப் பணிசெய்யும் தலைமைக் கணினியை வழங்கி என்பர். அது கோப்புகளைக் காக்கிறது. அஞ்சலைப் பெற்றுக் கொடுக்கிறது. பணியாளரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது. ஒரே அச்சுப்பொறியைப் பலர்க்கும் பயன்படச் செய்கிறது. இச்சேவைகளை நாடும் கணினி பெரும்பாலும் முதலில் பெயர்ச்சேவையையே வினவுகிறது. ஆகவே அது தவறுமாயின், ஏனையவை பழுதின்றி இருந்தும் பயன்படா. அலுவலகத்தார் ‘இணையம் போய்விட்டது’ என்பர். பல வேளைகளில் போனது இணையமன்று, பெயரேடே.

தோற்றம்

இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் தொடக்கத்தில் கணினிகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்றன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் தலைமையில் இயங்கிய செய்தி நடுவம் அப்பட்டியலைப் பேணியது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் நடுவத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடுவம் திருத்திய பட்டியலை ஏனையோர் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. படியெடுத்து முடிவதற்குள் பட்டியல் பழையதாகிவிட்டது.

1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பார் இதற்கு ஒரு தீர்வு கண்டார். பட்டியல் முழுவதையும் ஒருவரே காப்பதைவிட, அவரவர் பெயரை அவரவரே காக்கும்படி பொறுப்பைப் பகிர்ந்துவிடுவதே அத்தீர்வு. நாடு நகரங்களுக்கும், நகரம் வட்டங்களுக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. அன்று வகுத்த முறை 1987இல் திருத்தம் பெற்று, இன்றளவும் அடிப்படை மாறாமல் வழங்கிவருகிறது.

வினவும் விடையும்

தமிழர் தம் பெயரை எழுதும்போது ஊர், தந்தை, தம் பெயர் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு வருவது வழக்கம். இணையத்துக் களப்பெயர் இதற்கு நேர்மாறானது. சிறியது முன்னும் பெரியது பின்னுமாக எழுதப்படுவது. எடுத்துக்காட்டாக, ‘கணக்கு.நிறுவனம்.சிங்கப்பூர்’ என ஒரு பெயர் இருப்பதாகக் கொள்வோம். இதை வலமிருந்து இடமாகப் பகுத்தறிய வேண்டும். 13 பெயர்களில் இயங்கும் வேர் வழங்கிகளுள் ஒன்று, ‘சிங்கப்பூர்’ என்னும் பகுதிக்குப் பொறுப்பாளர் யார் என்று காட்டும். அப்பொறுப்பாளர் ‘நிறுவனம்’ என்பதன் ஏடு இருக்கும் இடத்தைக் காட்டுவர். அந்த ஏடு ‘கணக்கு’ என்னும் கணினியின் எண்ணைத் தரும்.

கிடைத்த விடையை வினவிய வழங்கி சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதை ஏட்டின் உரிமையாளரே நொடிக்கணக்கில் எழுதிவைக்கிறார். 86,400 என்று எழுதினால் ஒரு நாள். ஆகவே ஒரு கணினியை வேறு எண்ணுக்கு மாற்ற நினைக்கும் நிருவாகி, முதல் நாளே அக்காலத்தை 300 நொடியாகக் குறைத்துவிடுவார். அங்ஙனம் செய்யாதவரின் வாடிக்கையாளர்கள் மறுநாள் வரையிலும் பழைய முகவரிக்கே சென்று திரும்புவர்.

நிறுவும் முறை

பெயர்ச்சேவையை நிறுவுவோர் முதலில் வழங்கிக்கு மாறாத எண் ஒன்றை அளிக்க வேண்டும். பணியாளர் கணினிகளுக்கு எண் அளிக்கும் சேவை வேறு. அது ஒவ்வொரு கணினிக்கும் குறித்த காலத்துக்குக் குத்தகையாகவே எண் கொடுக்கிறது. அக்குத்தகைக்கு 192.168.1.100 முதல் 200 வரை ஒதுக்கினால், வழங்கிக்கு 192.168.1.10 போன்று அவ்வரம்புக்கு வெளியே ஓர் எண் இருத்தல் வேண்டும். இரு கணினிகள் ஒரே எண்ணைப் பெற்றால் இரண்டுமே ஒழுங்காக இயங்கா.

அடுத்து, பெயரேட்டின் படி குறைந்தது இரண்டு வழங்கிகளில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில், ஒரே மின்கம்பியில் இருப்பின் அவை இரண்டாகா. முதல் ஏட்டைத் திருத்துந்தோறும் அதன் தலைப்பிலுள்ள வரிசை எண்ணையும் கூட்ட வேண்டும். துணை வழங்கி அவ்வெண்ணைப் பார்த்தே திருத்தம் நிகழ்ந்ததை அறிகிறது. எண்ணைக் கூட்ட மறந்தால் ஒரு வழங்கி புதியதையும் மற்றொன்று பழையதையும் சொல்லும். ஒரே கேள்விக்கு இரு விடை வரும் இக்குழப்பம் கண்டுபிடிப்பதற்கு அரியது.

உள்ளாருக்கு விடைதேடித் தரும் சேவையையும், வெளியாருக்குத் தன் ஏட்டைக் காட்டும் சேவையையும் வேறுவேறாக வைப்பது நன்று. யார் கேட்டாலும் விடைதேடித் தரும் வழங்கியைத் தீயோர் பிறரைத் தாக்கும் கருவியாக்கிக்கொள்வர்.

காவாமையால் வரும் கேடு

பெயரைக் காவாவிடின் பெருநிறுவனங்களும் தடுமாறும் என்பதற்குச் சான்றுகள் உள. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் களப்பெயர்களுள் ஒன்றைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் அஞ்சலில் நுழைய முடியாமல் பலர் இடர்ப்பட்டனர். நிறுவனத்தோடு தொடர்பில்லாத நிரலர் ஒருவர் 35 டாலர் கட்டணத்தைத் தாமே செலுத்த, சேவை மீண்டது. பொறியில் பழுதில்லை, நாட்குறிப்பில் ஒரு வரி இல்லாத குறையே அது.

2008இல் டான் காமின்ஸ்கி என்னும் அறிஞர் வேறொரு தீங்கை வெளிப்படுத்தினார். வினாவோடு செல்லும் அடையாள எண் 65,536 வகையாக மட்டுமே அமையக்கூடும். அதை ஊகித்துப் பொய் விடையை வழங்கியின் நினைவில் புகுத்த இயலும் என்று அவர் காட்டினார். வங்கியின் பெயரைக் கேட்டவர் திருடனின் வாயிலுக்குச் செல்ல நேரும் என்பதே இதன் பொருள். மென்பொருள் செய்வோர் பலர் கூடி அவ்வாண்டு ஜூலையில் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டனர். விடையின் உண்மையை மறைக்குறிக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறையில் வேர் ஏடு 2010 ஜூலையில் கையொப்பம் பெற்றது.

2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் உள்வலையமைப்பு ஒரு தவறான ஆணையால் துண்டிக்கப்பட்டது. அதன் பெயர் வழங்கிகள் தம்மைப் பழுதுற்றவையாகக் கருதி, தம்மை அடையும் வழியை உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்நிறுவனத்தின் சேவைகள் உலகெங்கும் நின்றன. பழுது தீர்க்கும் கருவிகளும் அதே பெயர்ச்சேவையை நம்பியிருந்தமையால் பொறியாளர் பணி மேலும் தாமதப்பட்டது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே திறவுகோலை வைத்தது போன்ற நிலை இது. வழங்கிகளின் எண்களைத் தாளில் எழுதி வைத்திருக்கும் சிறிய அலுவலகம் இவ்வகையில் மேம்பட்டது எனலாம்.

தமிழ்ப் பெயர்கள்

களப்பெயரில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும், எண்களும், இணைகோடும் மட்டுமே வரலாம் என்பது பழைய விதி. இதைக் கடக்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குச் சிறப்பான பங்குண்டு. 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயும் அவர்தம் குழுவினரும் பிற மொழி எழுத்துகளில் களப்பெயர் அமைக்கும் ஆய்வில் ஈடுபட்டனர். 2003இல் உலகப் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. 2010இல் ‘இலங்கை’ என்பதும், 2011இல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்பனவும் தமிழ் எழுத்திலேயே வேர் ஏட்டில் இடம்பெற்றன.

எனினும் வழங்கி இன்றும் உள்ளே பழைய எழுத்துகளிலேயே எழுதுகிறது. ‘சிங்கப்பூர்’ என்பது இலக்கணப்படி ஆறெழுத்து. கணினிக் குறியீட்டில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக நிற்பதால் 11. பெயரேட்டில் மாற்றெழுத்தாக்கிய பின்னர் 22. இம்மாற்றத்தைச் செய்து பதிவது நிருவாகியின் கடன். அஞ்சல் முகவரி முழுவதும் தமிழில் அமைய வேண்டுமாயின், 2012இல் வகுத்த அஞ்சல் தரத்தையும் வழங்கி ஏற்றல் வேண்டும். ஏற்காத வழங்கியிடம் தமிழ் முகவரிக்கு வரும் மடல் திரும்பியே செல்லும்.

இங்கே தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை எழுகிறது. ‘கௌ’ என்பதைச் சிலர் ‘கெ’, ‘ள’ என இரண்டாகத் தட்டெழுதுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ‘ஔ’ என்பதை ‘ஒ’, ‘ள’ எனப் பிரித்து எழுதுவதும் அவ்வாறே. தமிழ் எண்ணாகிய ‘௧’ ககரத்தையும், ‘௨’ உகரத்தையும் ஒத்துத் தோன்றுவது. ஒருவர் ஏட்டில் ஒருவகையாகப் பதிந்து மற்றவர் வேறுவகையாகத் தட்டெழுதினால் வழி கிட்டாது; அன்றி, அவ்வொப்புமையைப் பயன்படுத்தி வஞ்சகர் போலிப்பெயர் பதியவும் கூடும்.

எழுத்துப் பிழை நேற்றுவரை மதிப்பெண்ணைக் குறைத்தது. இன்று வழியையே மாற்றிவிடும். பிழையற எழுதக் கற்ற மாணவனும், பெயரேட்டைப் பிழையறக் காக்கும் நிருவாகியும் இருப்பின், தமிழில் எழுதிய பெயர் தனக்குரிய இடத்தைத் தவறாது சென்றடையும்.