யார் வருவார், யார் போவார்? கால்பந்து சீசனுக்கு முந்தைய ஊகங்களின் கணக்கு

ஒரு கால்பந்து சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை மைதானம் காலியாகக் கிடக்கும்; ரசிகர்களின் பேச்சு மட்டும் ஓயாது. யார் தங்குவார், யார் கிளம்புவார், புதிதாக வரப்போகும் ஸ்ட்ரைக்கர் எந்த நாட்டுக்காரர், பயிற்சியாளர் முதல் பதினொருவரில் யாரையெல்லாம் இறக்குவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இவற்றில் பாதி வெறும் ஆசை. ஆனால் மீதியை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒப்பந்தக் காலம், வெளிநாட்டவர் வரம்பு, பயிற்சியாளரின் பழக்கம், பதிவுக் கெடு ஆகிய நான்கும் ஓர் அணியின் பட்டியலை முன்கூட்டியே பெருமளவு சுருக்கிவிடுகின்றன. இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் நடக்கக்கூடிய ஊகம் எது, நடக்காதது எது என்று பிரித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இதற்குக் கைக்கெட்டும் உதாரணம், 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரோடு பிறந்த சென்னையின் எஃப்சி.

தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியிலிருந்து சென்னை ஜவாஹர்லால் நேரு மைதானம் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். மலைக்கு அப்பால், கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆடும் கொச்சி மைதானம் அதில் ஏறத்தாழப் பாதித் தூரம்தான். அதற்கும் ஜவாஹர்லால் நேரு பெயரே. நெல்லைச் சீமை ரசிகருக்கு நேரில் ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் இரவுப் பயணம். அணியைப் பற்றிய பேச்சுதான் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கிறது.

இந்த வட்டாரத்துக்குக் கால்பந்து புதிதல்ல. ஆழ்வார்திருநகரியிலிருந்து திருச்செந்தூர் ரயில் பாதையில் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி தாண்டினால் காயல்பட்டினம். மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை அங்குள்ள ஐக்கிய விளையாட்டு சங்கம் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. இத்தகைய போட்டிகளில் எந்த அணி யாரை அழைத்துவருகிறது என்பது பந்து உருளும் முன்பே பேச்சாகிவிடும். சில நாள் போட்டிக்கு வரும் ஆட்டக்காரரைப் பெரிதாக எந்தத் தாளும் கட்டிவைப்பதில்லை. அதனால் ஊகத்துக்கும் எல்லை இல்லை. தொழில்முறை அணியின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒப்பந்தம் ஒன்று நிற்கிறது.

ஏலத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு

ஐஎஸ்எல் தொடங்கியபோது இந்திய ஆட்டக்காரர்களை அணிகள் டிராஃப்ட் முறையில், அதாவது முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. 2015-இல் முன்னணி இந்தியர்கள் சிலருக்கு ஏலமும் நடந்தது. சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2017 டிராஃப்டில் அனஸ் எடத்தொடிகா, யூஜின்சன் லிங்டோ இருவரும் தலா 1.10 கோடி ரூபாயுடன் பட்டியலின் உச்சத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஒவ்வொரு அணியும் பழைய ஆட்டக்காரர்களில் ஒரு சிலரையே தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. சென்னையின் எஃப்சி ஜேஜே லால்பெக்லுவா, கரன்ஜித் சிங் ஆகியோரோடு இளம் மிட்ஃபீல்டர் அனிருத் தாபாவையும் வைத்துக்கொண்டது.

அந்தக் காலத்து ஊகம் ஏறக்குறைய ஐபிஎல் ஏல ஊகம் போன்றது: தக்கவைப்பது யாரை, விட்டுவிடுவது யாரை என்பதே கேள்வி. 2017-க்குப் பிறகு டிராஃப்ட் இல்லை. அணிகள் ஆட்டக்காரர்களோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போடுகின்றன. அதன்பின் ஒரே நாள் மாலையில் முடிவு தெரிந்துவிடும் வசதி போய், மாதக்கணக்கில் இழுக்கும் ஊகம் வந்தது.

முதல் கணக்கு: ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

ஃபிஃபா விதிப்படி ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் பொதுவாக அதிகபட்சம் 5 ஆண்டுகள். அது முடிய 6 மாதங்கள் இருக்கும்போதே அவர் வேறு அணியோடு பேசி அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். ஒப்பந்தம் முடிந்தவரைப் பழைய அணி காசு கேட்டுத் தடுக்க முடியாது. ஐரோப்பாவில் இதற்கு வழி திறந்தது 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு. பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த அந்த வழக்கு உலகக் கால்பந்தின் கூலிக் கணக்கையே மாற்றிவிட்டது.

எனவே ஓர் ஊகம் காதில் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்த ஆண்டு. இந்த மே மாதத்தோடு முடிகிறதென்றால் அவர் போவது எளிது. இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி என்றால் வாங்கும் அணி பணம் தர வேண்டும், அல்லது லோனில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு இரவலாக, எடுக்க வேண்டும், அல்லது இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும். 2016 முதல் சென்னை அணியில் வளர்ந்து கேப்டனான அனிருத் தாபா 2023-இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். அணியின் அடையாளமாக இருப்பதும் அணியில் தங்குவதும் ஒன்றல்ல என்பதை ரசிகர்கள் அப்போது கண்டார்கள்.

கையெழுத்தானாலும் சில நேரம் கதை முடிவதில்லை. 2024-இல் டிஃபென்டர் அன்வர் அலி மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறிய விவகாரம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் குழு வரைக்கும், அங்கிருந்து டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

இரண்டாம் கணக்கு: வெளிநாட்டவர் எத்தனை பேர்?

ஐஎஸ்எல்லின் முதல் ஆண்டுகளில் மைதானத்தில் குறைந்தது 5 இந்தியர்கள் இருந்தால் போதும்; மீதி 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18-இல் அது 6 இந்தியர்களாக உயர்ந்தது. 2021-22 முதல் குறைந்தது 7 இந்தியர்கள். அதாவது ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம்.

இந்தச் சிறு மாற்றம் ஊகத்தின் திசையையே திருப்பியது. 2014-இல் பிரேசிலின் எலானோ, இத்தாலியின் மார்கோ மாட்டரசி போன்ற பெரிய பெயர்களே பேச்சு. எலானோ அந்தத் தொடரின் அதிக கோல் அடித்தவரும் ஆனார். நால்வர் விதி வந்தபின் கணக்கு வேறு. நடுத் தடுப்புக்கு ஒருவர், நடுக்களத்துக்கு ஒருவர், முன்களத்துக்கு இருவர் என்று அந்த நான்கு இடங்களும் எளிதில் நிரம்பிவிடுகின்றன. மீதி ஏழு இடங்களுக்கும் தரமான இந்தியர் வேண்டும். இரு பக்கத் தடுப்பாளரும் கோல் கீப்பரும் பெரும்பாலும் இந்தியர்களே. நல்ல இந்திய ஆட்டக்காரர்கள் குறைவு, தேடும் அணிகள் அதிகம் என்பதால் அவர்களுடைய விலையும் ஏறியது. ஆகவே புதிய வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வருகிறார் என்ற பேச்சு எழுந்தால், அடுத்து எழ வேண்டிய கேள்வி அவர் இடத்தில் இருந்தவர் போகிறாரா என்பதே. இடம் காலியாகாமல் ஆள் வருவதில்லை.

மூன்றாம் கணக்கு: பயிற்சியாளரின் பழைய முகவரி

புதிதாக வரும் வெளிநாட்டவர் எங்கிருந்து வருவார் என்பதற்கு நல்ல துப்பு, பயிற்சியாளர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்பது. தெரியாத ஒருவரை வீடியோவில் பார்த்து எடுப்பதைவிட, கூடவே பயிற்சி செய்தவரை எடுப்பதில் ஆபத்து குறைவு.

சென்னையின் எஃப்சி வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று ஓவன் கோய்ல். 2019 டிசம்பரில், அணி தட்டுத்தடுமாறிக் கொண்டிருந்தபோது ஜான் கிரிகரிக்குப் பதிலாக வந்த அவர், அதே சீசனில் அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் பார்வையாளரே இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றது சென்னை. அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்றவர் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். அடுத்த சீசனுக்கு முன் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார்.

2023-இல் கோய்ல் திரும்பி வந்தபோது அதே வழித்தடம் எதிர்த்திசையில் திறந்தது. ஜாம்ஷெட்பூரில் அவரிடம் ஆடிய ஜோர்டன் மர்ரே சென்னைக்கு வந்தார். 2020 இறுதியாட்ட அணியில் இருந்த ரஃபேல் கிரிவெல்லாரோ திரும்பினார். கோய்ல் ஸ்காட்லாந்துக்காரர்; மதர்வெல்லிலிருந்து கானர் ஷீல்ட்ஸ், டண்டீ யுனைடெட்டிலிருந்து ரயன் எட்வர்ட்ஸ் என்று அந்த ஆண்டு வந்த இருவரும் ஸ்காட்லாந்து அணிகளில் ஆடியவர்கள். மறு ஆண்டு வந்த டேனியல் சீமா சுக்வூவும் ஜாம்ஷெட்பூரில் அவரிடம் ஆடியவர்தான். பயிற்சியாளர் யாரென்று தெரிந்த நாளிலேயே பாதிப் பட்டியலை ஊகித்துவிடலாம் என்று ரசிகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நான்காம் கணக்கு: பதிவுக் கெடு

ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஆண்டில் இரண்டு தவணை உண்டு. இதைத்தான் டிரான்ஸ்பர் விண்டோ என்கிறார்கள். இந்தியாவில் பெரியது வழக்கமாக ஜூன் மாதத்தில் திறந்து ஆகஸ்ட் இறுதியில் மூடும்; சிறியது ஜனவரியில். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குப் பழைய நாட்டின் சங்கத்திடமிருந்து சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் வர வேண்டும். விண்டோ மூடும் முன்பே ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் இல்லாதவரை, அதாவது ஃப்ரீ ஏஜென்டை, பின்னரும் பதிவு செய்யலாம். கெடு முடிந்த பிறகும் ஊகம் உயிரோடு இருப்பதற்கு இந்த விதிவிலக்கே காரணம்.

வதந்தி எங்கிருந்து கிளம்புகிறது?

பெரும்பாலும் பேச்சுவார்த்தையின் ஓரத்திலிருந்து. ஆட்டக்காரரின் ஏஜென்டுக்கு, தன் ஆளை இன்னோர் அணியும் கேட்கிறது என்ற செய்தி வெளியே வருவது ஆதாயம், சம்பளம் ஏறும். 2023 முதல் ஃபிஃபா ஏஜென்டுகளுக்கு உரிமத் தேர்வு நடத்துகிறது. ஆனால் பேச்சை அளக்க எந்தத் தேர்விலும் வழியில்லை. விற்க நினைக்கும் அணிக்கும் இதே ஆதாயம் உண்டு. வாங்க நினைக்கும் அணி மட்டும் வாயைத் திறக்காது, விலை ஏறிவிடும் என்ற அச்சத்தில். எனவே ஒரு செய்தியைக் கேட்டதும், இது வெளிவந்ததால் யாருக்கு லாபம் என்று பார்ப்பது நல்ல அளவுகோல். விமான நிலையப் படம், மருத்துவப் பரிசோதனை, அணியின் அதிகாரபூர்வ அறிவிப்பு என்று படிப்படியாக வரும் செய்திகளில் கடைசி ஒன்றே உறுதியானது.

மண்ணின் மைந்தர் என்ற ஆசை

சென்னை ரசிகர்களின் ஊகத்தில் ஆண்டுதோறும் திரும்பும் ஒரு வரி, தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் எப்போது சொந்த ஊருக்கு வருவார்கள் என்பது. தனபால் கணேஷ் 2017-18 கோப்பையை வென்ற அணியில் இருந்தார். எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் சென்னைக்காக ஆடினார். ஆனால் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடிப் பெயர் பெற்றார். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 டூராண்ட் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றை கோலால் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். சிவசக்தி நாராயணன் பெயர் பெற்றது பெங்களூரு அணியில். இந்த ஊகம் பெரும்பாலும் பொய்ப்பதற்குக் காரணம் பாசக்குறைவு அல்ல. மேலே சொன்ன ஒப்பந்தக் கணக்குதான். நல்ல இந்திய ஆட்டக்காரரை அவருடைய அணி நீண்ட ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்கிறது.

பட்டியல் சரி, முடிவு?

பட்டியலைச் சரியாக ஊகித்துவிட்டால் சீசனையும் ஊகித்துவிடலாம் என்பதில்லை. 2015-இல் சென்னையின் எஃப்சி ஒரு கட்டத்தில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. ஸ்டிவன் மென்டோசாவின் 13 கோல்கள் துணையோடு எழுந்து, இறுதியாட்டத்தில் எஃப்சி கோவாவை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று மீண்டும் கோப்பை. அந்த அணியில் பலர் அப்படியே தொடர்ந்ததால் 2018-19-க்கு முன் நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. அந்த சீசனில் கிடைத்தது வெறும் 9 புள்ளிகள், கடைசி இடம்.

சீசனே கேள்விக்குறியானபோது

2025-இல் ஊகத்தின் அடித்தளமே ஆடியது. ஐஎஸ்எல்லை நடத்திவந்த நிறுவனத்துக்கும் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே 2010-இல் போட்ட 15 ஆண்டு உரிம ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பு உறுதியாகாததால், ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்படுவதாக அணிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளைக் காலவரையின்றி நிறுத்தியது. யார் வருவார் என்ற கேள்வி, ஆட்டம் நடக்குமா என்ற கேள்வியாகச் சுருங்கியது. கடைசியில் 14 அணிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஆட்டம், மொத்தம் 91 ஆட்டங்கள் என்று குறுக்கப்பட்ட தொடர் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கியது.

வழக்கமான ஆண்டில் ஊகம் அடங்குவது அணிகள் தங்கள் பதிவுப் பட்டியலைக் கொடுக்கும்போது. முழுதாக அடங்குவது முதல் ஆட்டத்துக்கு முன் பதினொரு பெயர்கள் வெளியாகும்போது. அதன்பின் காயமோ தொடர்தோல்வியோ ஓர் இடத்தைக் காலி செய்யும். ஜனவரி விண்டோ திறக்கும். அப்போது ஒப்பந்தம், வெளிநாட்டவர் எண்ணிக்கை, பயிற்சியாளரின் பழக்கம், கெடு என்ற அதே நான்கு கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.