சப்போட்டாவுக்குப் பாலை வேர்

கோவளம் போன்ற கடலோர மணற்பாங்கில் தென்னைக்கு அடுத்து நம்பி வைக்கக்கூடிய பழமரம் சப்போட்டா. உப்புக் காற்றையும் ஓரளவு உவர்ந்த கிணற்று நீரையும் தாங்கும். ஆனால் நர்சரியில் வாங்கும் ஒட்டுக்கன்றில் மேலே இருப்பதுதான் சப்போட்டா. வேர் பாலை மரத்துடையது.

சப்போட்டா மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பாலை நம் கடற்கரைக் காட்டு மரம். கோடியக்கரையில் நிறைய நிற்கிறது. இலங்கையின் வன்னியில் அதன் சின்ன மஞ்சள் பழத்துக்குத் தனிக் கிராக்கி. இரண்டும் மணில்காரா என்ற ஒரே பேரினம். அதனால்தான் ஒட்டு பிடிக்கிறது.

விதை போட்டு வளர்த்தால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்; தாய்மரத்தின் ருசி வருமென்ற உறுதியும் இல்லை. பாலையில் ஒட்டியது மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். வறட்சிக்கும் ஈடுகொடுக்கும்.

பென்சில் பருமனுள்ள பாலை நாற்றைத் தொட்டியோடு தூக்கி, தாய்மரக் கிளையை ஒட்டிப் பரண்மேல் வைப்பார்கள். இரண்டிலும் இரண்டு அங்குல நீளத்துக்குப் பட்டையைக் கொஞ்சம் கட்டையோடு சீவி, வடியும் மரப்பாலைத் துடைத்து, வெட்டுவாய்கள் பொருந்தும்படி பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசு இணைந்தால்தான் ஒட்டு சேரும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். பிறகு ஒட்டுக்கு மேலே பாலையின் தலையையும், கீழே சப்போட்டாக் கிளையையும் படிப்படியாக அறுத்துப் பிரிப்பார்கள்.

பூவின் மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பதில் இலைப்பேன் என்கிற நுண்பூச்சிக்குப் பெரும் பங்குண்டு. பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் காய்ப்பிடிப்புதான் போகும். கிரிக்கெட் பால் ரகம் தனியாக நின்றால் சரியாகக் காய்க்காது. துணைக்குக் காலிபட்டி போன்ற வேறொரு ரகம் வேண்டும். இடமிருந்தால் இரண்டுக்கும் நடுவே 25 அடி விடுங்கள்.

நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு அரையடி மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் இலை நுனியைப் பாருங்கள். சப்போட்டா இலை கூராக முடியும். பாலை இலையின் நுனி உள்வாங்கிப் பிளந்திருக்கும். அப்படிப்பட்ட துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் மரம் செழிக்கும், சப்போட்டா இருக்காது.