வாடகை மென்பொருள்: சாவி யார் கையில்?

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி, சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. சாதனங்களை யாரும் திருடவில்லை. மாணவர்கள் ஏதோ ஒரு போலி இணைப்பை அழுத்தியதால் வந்த வினையும் அன்று. பள்ளிச் சாதனங்களை நிர்வகிக்கப் பயன்பட்ட ‘மொபைல் கார்டியன்’ என்ற வெளிநாட்டு நிறுவனத்தின் இணையச் சேவைக்குள் ஊடுருவல் நடந்திருந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த அதன் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டனர். கல்வி அமைச்சு அந்தச் செயலியை மாணவர்களின் சாதனங்கள் அனைத்திலிருந்தும் நீக்கியது.

அந்தச் சேவைக்கு இது முதல் சறுக்கல் அன்று. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த வேறோர் ஊடுருவலில், 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர்களுடைய பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன.

ஒரே தாக்குதலில் எப்படி இத்தனை சாதனங்கள் பாதிக்கப்பட்டன? சாதன நிர்வாகச் செயலிக்கு, தொலைவிலிருந்து ஒரு சாதனத்தைத் துடைத்தழிக்கும் அதிகாரம் உண்டு. காணாமல் போன ஐபேட் தவறானவர் கையில் சிக்கினால் அதிலுள்ள தகவல்கள் வெளியே போகக்கூடாது என்பதற்காகவே அந்த வசதி. நம் பாதுகாப்புக்காக ஒருவரிடம் கொடுத்து வைத்த சாவி, அவரிடமிருந்து வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டியது.

இன்று பள்ளிகள் மட்டுமல்ல, பெரும்பாலான நிறுவனங்களும் இப்படிப்பட்ட சாவிகளைப் பிறரிடம் கொடுத்துத்தான் தொழில் நடத்துகின்றன. நீங்கள் வேலைப்பயிற்சிக்குப் போகும் முதல் நாளிலேயே இதைப் பார்ப்பீர்கள்.

மூலையில் இருந்த கணினி எங்கே போனது?

உங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு துணைப்பாட நிலையத்தை நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அதன் கணக்குகள் அலுவலக மூலையில் இருந்த ஒரு கணினியில் இருந்திருக்கும். மென்பொருளை வட்டில் வாங்கி நிறுவியிருப்பார்கள். கணினி பழுதானால் பழுதுபார்ப்பவர் வரும்வரை வேலை நின்றுவிடும்.

இன்று அதே நிலையத்தில் மாணவர் வருகைப் பதிவு ஒரு செயலியில், கட்டணக் கணக்கு இன்னொன்றில், ஆசிரியர் சம்பளம் மூன்றாவதில், மின்னஞ்சலும் கோப்புகளும் நான்காவதில் என்று பிரிந்து கிடக்கும். இவற்றில் எதையும் நிலையம் விலைக்கு வாங்கவில்லை. மாதம் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, இணையம் வழியாகப் பயன்படுத்துகிறது.

1999ல் தொடங்கப்பட்ட ‘சேல்ஸ்ஃபோர்ஸ்’ நிறுவனம் இந்த முறையைப் பரவலாக்கிய முன்னோடிகளில் ஒன்று. 2006ல் ‘அமேசான்’ சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2011ல் ‘மைக்ரோசாஃப்ட்’ தன் அலுவலக மென்பொருளைச் சந்தாச் சேவையாக வெளியிட்டது.

மேகக் கணினிச் சேவைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். அவற்றை உணவுத் தொழிலோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். வெறும் கடையிடத்தை வாடகைக்கு எடுத்து, அடுப்பு முதல் அனைத்தையும் நாமே வாங்கி வைப்பது முதல் வகை: உள்கட்டமைப்புச் சேவை. அடுப்பும் பாத்திரமும் உள்ள சமையலறையை எடுத்து, சமையலை மட்டும் நாம் செய்வது இரண்டாவது: தளச் சேவை. சமைத்த உணவை வரவழைத்துப் பரிமாறுவது மூன்றாவது: மென்பொருள் சேவை. துணைப்பாட நிலையம் போன்ற சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் நாடுவது இந்த மூன்றாவது வகையைத்தான்.

நிறுவனங்கள் இதற்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் பெருந்தொகை தேவையில்லை. புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையைச் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. ஆள் கூடினால் கணக்குகளைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். பாதுகாப்பிலும் லாபம் உண்டு. பெரிய சேவை நிறுவனங்கள் இரவு பகலாகக் கண்காணிக்கும் நிபுணர் குழுக்களை வைத்திருக்கின்றன. ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு நிலையத்தால் அது முடியுமா?

அரசாங்கமும் கைகொடுக்கிறது. சிறிய, நடுத்தர நிறுவனங்கள் மின்னிலக்கத்துக்கு மாற உதவும் திட்டத்தைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017ல் தொடங்கியது. முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள் சேவைகளுக்கு அரசாங்க மானியமும் கிடைக்கிறது.

கோடு எங்கே விழுகிறது?

“எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்று முதலாளி நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மேகச் சேவை ஒப்பந்தங்களின் அடிப்படை, பகிரப்பட்ட பொறுப்பு. கட்டடம், மின்சாரம், இயந்திரங்கள், மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைப்பது ஆகியவை சேவை நிறுவனத்தின் பங்கு. யாருக்குக் கணக்கு கொடுப்பது, எந்தத் தகவலை ஏற்றுவது, யார் எதைப் பார்க்கலாம், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எப்போது மூடுவது ஆகியவை வாடிக்கையாளரின் பங்கு. முதல் வகைச் சேவையில் வாடிக்கையாளரின் சுமை அதிகம், மூன்றாவதில் குறைவு. ஆனால் அது ஒருபோதும் பூஜ்யம் ஆவதில்லை.

2024ல் ‘ஸ்னோஃபிளேக்’ என்ற தரவுச் சேமிப்புச் சேவையின் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நுழைவுச்சீட்டு விற்கும் ‘டிக்கெட்மாஸ்டர்’ உள்ளிட்ட நிறுவனங்களின் தகவல்கள் திருடப்பட்டன. ஏறத்தாழ 165 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரணை நடத்திய ‘மேண்டியன்ட்’ தெரிவித்தது. ஆனால் திருடர்கள் ஸ்னோஃபிளேக்கின் சுவரை உடைக்கவில்லை. வாடிக்கையாளர் நிறுவனங்களிடமிருந்து தீங்குநிரல் மூலம் முன்னரே களவாடப்பட்டிருந்த மறைச்சொற்களைக் கொண்டு, வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். அந்தக் கணக்குகளில் ஈரடுக்குச் சரிபார்ப்பு இல்லை. சில மறைச்சொற்கள் திருடுபோய்ச் சில ஆண்டுகள் ஆகியும் மாற்றப்படவில்லை.

மொபைல் கார்டியன் விவகாரத்தில் ஊடுருவல் சேவை நிறுவனத்தின் பக்கம் நடந்தது. ஸ்னோஃபிளேக் விவகாரத்தில் ஓட்டை வாடிக்கையாளர் பக்கம் இருந்தது. இரண்டிலும் துன்பப்பட்டவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மாணவர்களும் பொதுமக்களும்தான்.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு முடிவுகள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் ஏதாவது நடக்கலாம். அப்போது எது காப்பாற்றும் என்பதை இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்.

‘கோட் ஸ்பேசஸ்’ என்ற நிறுவனம் மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துத் தரும் சேவையை அமேசானின் மேகத்தில் நடத்தியது. 2014 ஜூனில் அதன் நிர்வாகக் கணக்கு ஒரு ஊடுருவல்காரரின் கையில் சிக்கியது. அவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் மறைச்சொற்களை மாற்றிக் கட்டுப்பாட்டை மீட்க முயன்றபோது, அவர் தமக்கென்று ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த வேறு கணக்குகளின் வழி நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தார். காப்புப் பிரதிகளில் பெரும்பகுதியும் அதே கட்டுப்பாட்டுக்குள் இருந்ததால் அவையும் போயின. கோட் ஸ்பேசஸ் தொழிலையே மூடியது.

பத்தாண்டுகள் கழித்து, 2024 மே மாதம், ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட ‘யூனிசூப்பர்’ என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் மேகக் கணக்கு அழிக்கப்பட்டது. இதில் ஊடுருவல் எதுவுமில்லை. கூகல் மேகச் சேவையின் பக்கம் நடந்த அமைப்புத் தவறுதான் காரணம். வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் இருந்தும், கணக்கு போனதும் இரண்டும் சேர்ந்தே போயின. உறுப்பினர்கள் பல நாள்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் யூனிசூப்பர் வேறொரு சேவை நிறுவனத்திடமும் காப்புப் பிரதிகளை வைத்திருந்தது. அவற்றின் துணையோடு மீண்டது.

பிரதி எத்தனை என்பதைவிட, அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே முக்கியம். ஒரே சாவியால் திறக்கக்கூடிய இரண்டு பெட்டிகள், உண்மையில் ஒரே பெட்டிதான்.

சட்டம் யாரைக் கேட்கும்?

துணைப்பாட நிலையத்தின் செயலியிலிருந்து மாணவர் விவரங்கள் கசிந்தால், “அது செயலி நிறுவனத்தின் தவறு” என்று சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் தன் சார்பில் வேறொருவர் கையாளும் தகவல்களுக்கும், தானே கையாண்டால் எப்படியோ அப்படியே பொறுப்பு வகிக்கிறது.

2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ, கசிவால் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று மதிப்பிட்டதிலிருந்து மூன்று நாள்களே அவகாசம். அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை எட்டலாம். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, அந்த வருவாயில் 10 விழுக்காடு வரைகூட விதிக்கப்படலாம். மலேசியாவிலும் தகவல் கசிவைத் தெரிவிப்பது 2025 ஜூன் முதல் கட்டாயமாகியுள்ளது.

சிறு நிறுவனம் என்ன செய்யலாம்?

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 மார்ச்சில் அடிப்படைப் பாதுகாப்புக்கான சான்றிதழ் முத்திரை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது வலியுறுத்தும் ஐந்து அம்சங்கள் சிறு நிறுவனங்களுக்கும் எட்டக்கூடியவையே.

முதலாவது, என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ஊழியர் ஒருவர் தம் வசதிக்காக இலவசச் செயலியில் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றியிருந்தால், முதலாளிக்குத் தெரியாத சாவி ஒன்று வெளியே சுற்றுகிறது என்று பொருள்.

இரண்டாவது, பாதுகாப்பது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, வேலைக்குத் தேவையான அளவே அனுமதி, ஈரடுக்குச் சரிபார்ப்பு. கணக்கைக் கைப்பற்றும் முயற்சிகளில் 99.9 விழுக்காட்டை இந்தச் சரிபார்ப்பு தடுத்துவிடும் என்று 2019ல் மைக்ரோசாஃப்ட் கூறியது.

மூன்றாவது, மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பது. மேகச் சேவையைச் சேவை நிறுவனம் புதுப்பிக்கும். அதைத் திறக்கும் கணினியையும் கைப்பேசியையும் நாம்தான் புதுப்பிக்க வேண்டும்.

நான்காவது, காப்புப் பிரதி. ஐந்தாவது, ஏதேனும் நடந்தால் யார் யாரை அழைப்பது, எதை முதலில் துண்டிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது.

இதற்கெல்லாம் பெரிய செலவு தேவையில்லை. “இது என் வேலை” என்று ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆள்தான் தேவை. பல சிறு நிறுவனங்களில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது. கணினித் துறை படிப்பவர்கள் மட்டுமல்ல, கணக்கியல், வணிக நிர்வாகம், மனிதவளம் படிப்பவர்களும் அதில் அமரலாம். வேலையை விட்டுச் செல்பவரின் கணக்கை அன்றே மூடச் சொல்வதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இணைப்பாட நடவடிக்கைக் குழுவுக்காக இணையப் படிவத்தில் உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் திரட்டினால், நீங்களும் ஒரு மேகச் சேவையின் வாடிக்கையாளர்தான். அந்தப் படிவத்தின் பதில்களை யாரெல்லாம் பார்க்க முடியும்? சென்ற ஆண்டுத் தலைவர் படிப்பை முடித்துப் போன பிறகும் அவரது கணக்கு திறந்திருக்கிறதா? நாளை அந்தச் சேவை திடீரென நின்றால் உங்களிடம் பிரதி இருக்கிறதா? இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.