வண்டியை உயர்த்துமுன் யோசிப்போம்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று முதல் ஏற்றமும் இறக்கமும் நம் பிழைப்போடு கலந்தவை. கொழுந்து மூட்டையானாலும், அவசரத்தில் நோயாளியானாலும், சேறாகிவிட்ட மண்பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் நமக்குக் கைகொடுக்கிறது. 1948-இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் பழைய வண்டிகள் நம் மலையில் இன்றும் ஓடுகின்றன.

வண்டியின் அடிப்பாகம் மேட்டில் தட்டினால், "உயர்த்திக் கட்டிவிடலாம்" என்கிறோம். எதை உயர்த்துவது? இதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது, பாடியை மட்டும் உயர்த்துவது. சேசிஸ் என்னும் அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகளை வைத்து, நீளமான போல்ட்டுகளால் முடுக்குவார்கள். இரண்டும் தனித்தனியாக உள்ள வண்டியில்தான் இது முடியும். செலவு குறைவு, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சேசிஸ் பழைய உயரத்திலேயே இருக்கும். கியர்க் கம்பி, ஸ்டீரிங் தண்டு, ரேடியேட்டர் குழாய் ஆகியவை எட்டுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்துவது. இதில் சேசிஸும் பாடியும் சேர்ந்து உயரும். மேட்டில் சேசிஸ் தட்டுவது குறையும். ஆனால் அதிர்வுதாங்கிகளும் பிரேக் குழாய்களும் போதிய நீளமாக இருக்க வேண்டும். சக்கரம் கீழே இறங்கும்போது பிரேக் குழாய் இழுபட்டு அறுந்தால், இறக்கத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒரு முக்கியமான விஷயம். அச்சின் நடுவே பானைபோல் தொங்கும் பற்சக்கரப் பெட்டிதான் பல பழைய வண்டிகளில் முதலில் தட்டும். மேற்சொன்ன இரண்டு முறைகளாலும் அந்தப் பெட்டி உயராது. டயர் பெரிதானால்தான் உயரும்; அதுவும் டயரின் உயரம் இரண்டு அங்குலம் கூடினால், பெட்டி ஓர் அங்குலமே உயரும்.

இந்த உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? தலையில் சுமை வைத்தவர் சரிவில் தடுமாறுவதுபோல், எடை மேலே போகப் போக வண்டியும் தடுமாறும். இடவலச் சக்கரங்களின் இடைவெளி 130 செ.மீ. என்றும், எடையின் மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நிற்கும் வண்டி சுமார் 41 பாகைச் சரிவில் கவிழும். அந்த மையம் 10 செ.மீ. உயர்ந்தால் 37 பாகையே போதும். ஓடும் வண்டி, குழியிலோ வளைவிலோ, அதற்கு முன்பே கவிழலாம். பின்னால் மூட்டைகளும் அவற்றின்மேல் ஆட்களும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே, முதலில் வண்டியின் அடியில் குனிந்து, எந்த இடத்தில் அடிபட்ட தழும்பு இருக்கிறது என்று பார்ப்போம். பெட்டியில் இருந்தால் டயரைக் கவனிப்போம். சேசிஸில் இருந்தால், தளர்ந்த ஸ்பிரிங்கை முதலில் புதுப்பிப்போம். அதற்குப் பிறகும் தட்டினால் மட்டும் சிறிதளவு உயர்த்தலாம். டயருக்கு இடம் போதாவிட்டால் மட்டுமே பாடியை உயர்த்தும் பேச்சு. எந்த மாற்றத்துக்கும் முன்பு சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைக் கேட்டறிவோம்.

சுமையைத் தாழ வைத்து, மூட்டைமேல் பிள்ளைகளை ஏற்றாமல், நிதானமாக ஓட்டுவோம். இதற்குக் காசு செலவில்லை. ஏறியவர்கள் அனைவரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.